காற்சட்டையில் ஒட்டியிருந்த நூல்

அன்புள்ள அம்மா,

நான் அமெரிக்காவில் முதுகலை படிக்கிறேன். இங்கே அக்டோபர் வந்துவிட்டால் வீட்டு வாசலெல்லாம் பூசணிக்காயும் எலும்புக்கூடும்தான். 31ஆம் தேதி வரும் ஹாலோவீன் என்ற பேய்ப் பண்டிகை வரைக்கும் நாளுக்கு ஒன்றாக 31 பழைய திகில் படங்கள், கதைகள் பற்றித் தமிழில் குறிப்பு எழுதி நண்பர்களுக்கு அனுப்பி வருகிறேன். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் போடுகிறேன். பதினெட்டு முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ஒன்றுகூடப் பயமாக இல்லை. 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' படத்தில் உதட்டசைவும் குரலும் ஒட்டவே இல்லை (2 நட்சத்திரம்). 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' யூடியூபில் பார்த்தேன், ஒரே மங்கல், பிணங்கள் ஆமை வேகத்தில் நடக்கின்றன (3). 'மங்கிஸ் பா' கதையில் இந்தியப் பக்கிரி, மந்திரம் என்று காலனியக் கற்பனை, கடைசியில் கதவு தட்டப்படும் இடம் மட்டும் பரவாயில்லை (2). இன்றைக்குப் பயமுறுத்தாத ஒரு பழைய படைப்பை எப்படி மதிப்பிடுவது? மீதி நாட்களுக்கு ஐந்து பெயர்கள் சொல்வீர்களா? நம் ஊர்ப் பேய்க்கதைகளையும் சேர்க்கலாமா?

(பெயரைப் போட வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் 'மங்கிஸ் பா' என் மேசை மேல்தான் கிடந்தது. அந்தக் கதையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்து, ஒவ்வொரு முறையும் நாலு வரியோடு நிறுத்திவிடுகிறேன். நீங்கள் அதற்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். நம் ஊர்ப் பேய்க்கதைகளைத் தாராளமாகச் சேருங்கள். ஆனால் அவற்றுக்கு நட்சத்திரம் போடப் போவதாக இருந்தால் வேண்டாம், உங்கள் பாட்டி சொன்ன கதைக்கு மதிப்பெண் போட உங்களுக்கே மனசு வராது. பக்கிரி பற்றி நீங்கள் சொன்னது சரி. இந்தியாவில் 21 வருடம் பட்டாளத்தில் இருந்தவன் கொண்டுவந்த, கேட்ட வரம் தரும் குரங்குப் பாதம் அது, ஆங்கிலேய வீட்டு வரவேற்பறைக்குக் கேடு கிழக்கிலிருந்துதான் வர வேண்டும் என்பது அந்தக் காலத்துப் புத்தி. அதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். நீங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள்.

அப்புறம் அந்த 'மங்கல்'. இதற்குக் கொஞ்சம் கோபப்படத்தான் வேண்டும். 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்துக்கு முதலில் வேறு தலைப்பு இருந்தது. தலைப்பை மாற்றியபோது அதோடு இருந்த காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது, அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்து ஆகிவிட்டது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்றார்கள், நகலின் நகலை இன்னொருவர் நகலெடுத்தார். நீங்கள் பார்த்தது அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 2016இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும், பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து மூலப் படச்சுருளிலிருந்து மீட்டெடுத்த பிரதி இருக்கிறது. அதில் கறுப்பு கறுப்பாக இருக்கும். படிக்கிற ஊரில் நல்ல நூலகம் இருக்கும்போது, தேய்ந்துபோன ஒரு நகலைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைக் குறை சொல்வது நியாயமில்லை, தம்பி.

சரி, கதைக்கு வருகிறேன்.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் அதை வெளியிட்டது 1902இல். மூன்று பகுதிகள். முதல் பகுதியில் பாதம் வீட்டுக்கு வருகிறது, 200 பவுண்டு பணம் வேண்டும் என்று அப்பா அதனிடம் வரம் கேட்கிறார். மூன்றாம் பகுதியில், செத்துப்போன மகனைத் திரும்பக் கேட்டபின், நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. எல்லோரும் இந்த இரண்டைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், நீங்களும் அப்படியே. நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. அதில் பேய் இல்லை, இருட்டு இல்லை, காலை உணவு மேசையில் குளிர்கால வெயில் அடிக்கிறது. வீட்டு வாசலில் ஒருவன் தயங்கித் தயங்கி நடக்கிறான். நல்ல உடை, பளபளக்கும் புதுத் தொப்பி. மூன்று முறை கேட் அருகே வந்து நின்றுவிட்டுப் போகிறான், நாலாவது முறை திறந்துகொண்டு உள்ளே வருகிறான். அம்மாக்காரி அவசரமாக ஏப்ரனைக் கழற்றி நாற்காலி மெத்தைக்கு அடியில் மறைக்கிறாள். வந்தவன் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று ஆரம்பிக்கிறான், ஆரம்பித்ததும் குனிந்து தன் காற்சட்டையில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுக்கிறான்.

அந்த நூல்தான், தம்பி. அந்தக் கதையில் என்னைப் பயமுறுத்துவது அதுதான். மகன் வேலை செய்த கம்பெனியிலிருந்து வந்திருக்கிறான். பையன் எந்திரத்தில் சிக்கிக்கொண்டான் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டே கம்பெனியின் அனுதாபத்தைத் தெரிவிக்கிறான். தான் வெறும் வேலையாள், உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறேன் அவ்வளவுதான், புரிந்துகொள்ளுங்கள் என்கிறான். கம்பெனிக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை, ஆனாலும் மகனின் உழைப்பைக் கருதி ஒரு தொகை தருகிறார்கள் என்கிறான். அப்பா வறண்ட உதட்டோடு கேட்கிறார், எவ்வளவு என்று.

இருநூறு பவுண்டு.

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளராக இருந்தார். 2011இல், இரவு ஷிஃப்டில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. பைக்கில் வந்திருந்தான், திண்ணையில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டான். கைக்குட்டையால் அந்த ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான், பேசி முடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். "நான் சும்மா அனுப்பின ஆள்தான்மா" என்றான். அவன் கொண்டுவந்த தாளில், இறப்புக்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்று ஒரு பத்தி, நீண்ட காலச் சேவையைக் கருதி என்று இன்னொரு பத்தி. நான் இரண்டாவது பத்தியில் விரலை வைத்துக்கொண்டு, "எவ்வளவு?" என்று கேட்டேன்.

என் குரல்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், பள்ளிக் கட்டணம், வாடகை, கேட்காமல் என்ன செய்வது என்று இன்று சொல்ல முடிகிறது. அன்றைக்கு அந்தச் சொல் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

'மங்கிஸ் பா' கல்லூரியில் எங்களுக்குத் துணைப்பாடமாக இருந்தது. அப்போது நானும் உங்களைப் போலத்தான் கதவு தட்டப்படும் இடத்துக்காகக் காத்திருந்தேன், நடுப்பகுதி ஞாபகத்திலேயே நிற்கவில்லை. கணவர் போன அடுத்த வருடம் என் மகள் அதே கதையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, இந்தப் பக்கத்துக்கு அர்த்தம் சொல்லு" என்றாள். சொல்லிக்கொண்டே வந்தேன். நூலை எடுக்கிற இடம் வந்தது, தாண்டினேன். எவ்வளவு என்று கேட்கிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் பின்னால் வரவில்லை. கதவு தட்டப்படும் பகுதியை அவளே படித்துக்கொண்டாள்.

பழைய திகில் படைப்புகளில் எனக்குப் பயம் தருவது எதுவென்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். செத்தவர் திரும்பி வருவது அல்ல. தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒரு சாதாரண மனிதர் நம்மைப் பார்க்காமல் இருப்பதுதான். இதை மனதில் வைத்து உங்கள் மற்ற இரண்டு படங்களையும் திரும்பப் பாருங்கள்.

'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' எடுத்த ஹெர்க் ஹார்வி, கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் கல்விப் படங்களும் தொழிற்சாலைகளுக்கான படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். கலிஃபோர்னியாவிலிருந்து காரில் திரும்பும்போது யூட்டாவின் உப்பு ஏரிக் கரையில் சால்ட்டேர் என்ற கைவிடப்பட்ட கேளிக்கை மண்டபத்தைப் பார்த்தார். அங்கே செத்தவர்கள் நடனமாட வேண்டும், மீதியை நீ எழுது என்று கூட வேலை செய்த ஜான் கிளிஃபர்டிடம் சொன்னார். மூன்று வார விடுப்பு, சுமார் 33,000 டாலர், வெளுத்த முகத்தோடு வருகிற ஆளாக ஹார்வியே நடித்துவிட்டார். 1962இல் வந்த படம் கவனிக்கப்படாமல் போய், தொலைக்காட்சியில் நள்ளிரவுகளில் ஓடி ஓடித்தான் தனக்கான ஆட்களைத் தேடிக்கொண்டது. அவர் எடுத்த ஒரே முழுநீளக் கதைப்படம் அது.

குரல் ஒட்டவில்லை என்கிறீர்கள். உண்மை, பணமில்லாததால் வந்த குறை. ஆனால் யாருடைய குரல் ஒட்டவில்லை என்று யோசித்தீர்களா? பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து, மூன்று மணி நேரம் கழித்துச் சேறோடு கரையேறி வந்த பெண்ணின் குரல். அவள் உயிரோடு இல்லை, அது அவளுக்குத் தெரியாது. அவள் ஒரு துணிக்கடைக்குப் போகிறாள். உடையை மாற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் உலகத்தின் சத்தம் நின்றுபோயிருக்கிறது. கடைக்காரப் பெண்ணிடம் பேசுகிறாள், அந்தப் பெண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தெருவில் இறங்கினால் யாருக்கும் இவள் இல்லை. ஒரு பூங்காவில் மரத்தடிக்கு வந்து நின்றதும், ஒரு பறவை கத்துவது கேட்கிறது, உலகம் திரும்பி வருகிறது.

நான் வங்கியில் நின்றிருக்கிறேன், என் கணவரின் கணக்கை முடிப்பதற்காக, இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு. கவுண்டரில் இருந்தவர் எல்லாக் கேள்வியையும் துணைக்கு வந்திருந்த என் கொழுந்தனாரிடமே கேட்டார். "அவங்க கையெழுத்துப் போடுவாங்களா?" என்றார். நான் வாயைத் திறந்து போடுவேன் என்று சொன்னேன். அவர் மறுபடி கொழுந்தனாரைப் பார்த்துத் தலையாட்டினார். சில வருடம் கழித்து இந்தப் படத்தைப் பார்த்தபோது, அந்தத் துணிக்கடைக் காட்சியில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். உதட்டசைவைக் கவனிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

ஜார்ஜ் ரோமெரோ எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஆமை வேகத்துப் பிணங்களை விடுங்கள், கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். இரவு முழுக்கத் தப்பிப் பிழைத்த பென், ஒரு கறுப்பின மனிதர், காலையில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வருகிறார். துப்பாக்கிக் கும்பல் அவரையும் பிணக்கூட்டத்தில் ஒன்று என்று நினைத்துச் சுட்டுவிட்டு, நெருப்புக்கு இன்னொன்று என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறது. முடிந்த படத்தைக் காரில் வைத்து ரோமெரோ நியூயார்க்குக்குக் கொண்டுபோன இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டார். 1968 ஏப்ரல். அந்த அக்டோபரில் படம் வெளியானது.

எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். இதே படத்தைப் பற்றித் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1969இல் எழுதியதைத் தேடிப் படியுங்கள். அமெரிக்காவில் படங்களுக்கு வயதுச் சான்று தரும் முறை வந்ததே இந்தப் படம் வெளியானதற்கு அடுத்த மாதம்தான், அதனால் பகல் காட்சிக்குப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். ஈபர்ட் திரையை விட அவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். முதலில் கூச்சல், சிரிப்பு, பாதிக்கு மேல் அரங்கமே அடங்கிவிட்டது. அவருக்கு அந்தப் பக்கம் ஒன்பது வயது இருக்கலாம், ஒரு சிறுமி, அசையாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவர் அதை எழுதினார். 'பயமாக இல்லை' என்று நீங்கள் பதினெட்டு முறை எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பதினெட்டிலும் அறையில் யார் இருந்தார்கள், விளக்கு எரிந்ததா, கைபேசி எங்கே இருந்தது, எந்த இடத்தில் கொட்டாவி வந்தது, எதுவுமே இல்லை. பயப்பட மறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை எந்தப் படமும் பயமுறுத்தாது. நாளுக்கு ஒன்று என்ற கணக்கு வேறு உங்களை விரட்டுகிறது. ஒரு படம் மனதில் இறங்குவதற்குள் அடுத்ததைத் திறந்துவிடுகிறீர்கள்.

இவ்வளவு திட்டுவதற்குக் காரணம், உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறது. 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' மண்டபத்தில் ஆர்கன் ஒலிக்கும் காட்சி பற்றி நீங்கள் இணைத்திருந்த குறிப்பில் இரண்டு வரி மிக அழகு, அதை எழுதியவருக்குக் காது இருக்கிறது. வெளிநாட்டில் தனியாக இருந்துகொண்டு, படிப்புக்கு நடுவில், யாரும் கேட்காமல் தமிழில் எழுதுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரிகிறது. இரவில் சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

ஐந்து பெயர்கள் கேட்டீர்கள். தர மாட்டேன். மிச்சமிருக்கும் பதின்மூன்றையும் விட்டுவிடுங்கள், நண்பர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 31ஆம் தேதி இரவு, குழந்தைகள் மிட்டாய் வாங்கிக்கொண்டு போனபின், அறையில் ஒரு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு 'மங்கிஸ் பா'வின் இரண்டாம் பகுதியை மட்டும் சத்தமாகப் படியுங்கள். அவன் ஜன்னல் பக்கம் போய் நின்று பேசுகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அந்த அம்மா அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.