விசா வந்தது தம்பிக்கு

அன்புள்ள மேடம்,

குலசேகரம் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 29. எம்.ஏ., பி.எட். முடித்து மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர், சம்பளம் 11,000, மே மாதம் அதுவும் கிடையாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் படிப்புக்கா பஞ்சம், வீட்டுக்கு வீடு பி.எட்., வேலைதான் இல்லை. அப்பா போன பிறகு அரை ஏக்கர் ரப்பர், அம்மா, நாங்கள் இரண்டு பேர். மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்டு நிற்கும், ரப்பர் ஷீட் விலை இறங்கினால் கடன். நானும் தம்பியும் ராத்திரி முற்றத்தில் உட்கார்ந்து, இந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று பேசாத நாளில்லை. ஏழரைக்கு மேல் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினால் நாலு வாசலில் தலை எட்டிப் பார்க்கும். போன வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள், போனால் சேர்ந்து போவோம் என்று நான் போகவில்லை. சொந்தக்காரர்கள் கண்டால் கல்யாணப் பேச்சுதான். தம்பிக்கு மஸ்கட்டில் வேலை சரியாகிவிட்டது, டிக்கெட் போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னான், அது கிடக்கட்டும். சம்பளம் போதவில்லை, இந்த ஊர் என்னை மூச்சுவிட விடவில்லை. எப்படி வெளியே வருவது?

*

அன்புள்ள சகோதரி,

ஊரும் சம்பளமும் எட்டிப் பார்க்கும் தலைகளும் போன வருஷமும் இப்படித்தான் இருந்தன. அப்போது நீங்கள் எனக்கு எழுதவில்லை. தம்பி டிக்கெட் போட்ட பிறகு எழுதுகிறீர்கள்.

அவன் மறைத்தது உங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் சேர்ந்துதான் போக வேண்டும் என்று கிடைத்த வேலையையே விட்ட அக்காவிடம், நான் மட்டும் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வான்? உங்கள் முகம் வாடினால் போகாமலே இருந்துவிடுவோம் என்று பயந்திருப்பான். இவ்வளவு பெரிய கடிதத்தில் விடியும் முன்னே அந்த ரப்பரை வெட்டுவது யார் என்று ஒரு வரி இல்லை. அவனாக இருந்தால், அவனுக்கும் இந்த ஊர் அலுத்திருக்கும் அல்லவா?

இன்னொன்று, கோபிக்காதீர்கள். அந்த வேலையைத் தம்பிக்காக விட்டதாக நினைக்கிறீர்கள், எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. குழித்துறையில் காலை ரயில் பிடித்துத் திருவனந்தபுரம் போய், ராத்திரி வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! சேர்ந்து போவோம் என்ற பேச்சு இருந்தவரை தனியாக இறங்கிப் பார்க்கும் அவசியம் உங்களுக்கு வரவில்லை. இப்போது அந்தப் பேச்சுக்குத் துணையாக இருந்த தம்பி போகிறான், வீட்டில் அம்மாவும் நீங்களும் மட்டும். உங்களை மூச்சுமுட்ட வைப்பது இந்தப் பயம்தான், இதில் ஊரின் பங்கு கொஞ்சம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவன் கிளம்பும் முன், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து பேசுங்கள். மரத்தைப் பங்குக்கு விடுவதா, அம்மாவுக்கு ஒன்றென்றால் யார் என்ன செய்வது, எல்லாம். கோபத்தையும் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அப்புறம் அந்தத் திருவனந்தபுரம் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள், இடம் இல்லையென்றால் பக்கத்துப் பள்ளியில் கேளுங்கள். பஸ் இறங்க எட்டு மணி ஆகும், நாலு தலை எட்டிப் பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும்.