வெளிமூச்சின் நீளம்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 47. தினமும் டோம்பிவிலியிலிருந்து ஃபோர்ட்டில் உள்ள அலுவலகத்துக்கு மும்பை லோக்கல் ரயிலில் போய்வருகிறேன். இரண்டு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. கழுத்து வலி. போன மார்ச்சில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கினார்கள். யோகா வகுப்பில் சேர்ந்தேன். குனிந்து கால் விரலைத் தொட வரவில்லை. "உங்களுக்கு வயிறு இடிக்கிறது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் சொல்லிக்கொடுப்பவர். ஒன்பதாம் நாளோடு நின்றுவிட்டேன். யோகா செய்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் என் நாத்தனார் கணவர். இதில் உண்மையிலேயே பலன் உண்டா, வெறும் நம்பிக்கையா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மகள்மேல் எரிந்து விழுகிறேன். அவளுக்கு 13 வயது. என் செருப்புச் சத்தம் கேட்டாலே அறைக்குள் போய்விடுகிறாள்.

கே., டோம்பிவிலி

அன்புள்ள கே.,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. யோகப் பயிற்சி ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்க உதவும். அந்தக் 'கொஞ்சம்' முக்கியம். மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்பதை உங்கள் மருத்துவர் அழுத்தத்தை அளந்து பார்த்துச் சொல்லட்டும். உங்கள் நாத்தனார் கணவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பக்கவாதம் வந்தால் படுக்கப்போவது நீங்கள்.

வகுப்பில் உங்களிடம் சொன்ன அந்த வார்த்தையைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று. ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார். கால் விரலைத் தொடுவது பற்றி ஒரு சொல் கிடையாது. சென்னையில் பல்லாண்டுகள் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கேற்ப யோகத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றே வற்புறுத்தினார். வயிறு இடித்தால் முழங்காலை மடக்கிக்கொண்டு குனியச் சொல்ல வேண்டியது ஆசிரியரின் வேலை. அன்று தவறியவர் நீங்கள் இல்லை.

நானும் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 45 வயதில், செம்பூரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாம் மாதமே என்னைச் சுவரோரம் சிரசாசனத்தில் நிறுத்தினார்கள். பெருமையாக இருந்தது. அதன்பின் ஐந்து மாதம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இனி யோகாவே வேண்டாம் என்றிருந்த என்னை, ஒரு தோழி மாட்டுங்காவில் பூக்கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த ஒரு மாமியிடம் அழைத்துப் போனார்.

மாமி என்னை ஆசனம் எதுவும் செய்யச் சொல்லவில்லை. பாயில் படுக்கச் சொன்னார். முழங்காலை மடக்கி, வலது உள்ளங்கையை வயிற்றில் வைக்கச் சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம் கழித்து, "பத்தொன்பது" என்றார். அது என் மூச்சின் எண்ணிக்கை. "உள்ளே இழுப்பதை விட்டுவிடு, அது தானாக வரும். விடுவதை மட்டும் நீளமாக விடு." ஒரு வாரம் இதுதான் பாடம். கீழேயிருந்து மல்லிகை வாசனை வரும், யாரோ சில்லறைக்குச் சண்டை போடும் சத்தமும் வரும். ஐந்தாம் நாள் பாதியிலேயே தூங்கிப்போனேன். அவர் எழுப்பவில்லை.

அதன் காரணம் பிறகுதான் புரிந்தது. இப்போதே உங்கள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை ஆழமாக உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவாகும், நீளமாக விடும்போது சற்றுத் தயங்கும். கூர்ந்து கவனித்தால் விரலுக்குத் தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு, வெளிமூச்சின்போது இதயத்தை நிதானப்படுத்துகிறது. இதயத்துடிப்பை நாம் நேரடியாக ஆள முடியாது, மூச்சை ஆள முடியும். அந்த வழியாகத்தான் உள்ளே போகிறோம். சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது முறை மூச்சு விடுகிறோம். அது ஆறு, ஏழு என்று இறங்கும்போது உடம்பு தன் பதற்றத்தை விடத் தொடங்குகிறது. தூக்கத்துக்கும் இதுவே வாசல்.

வெறும் நம்பிக்கையா என்று கேட்டீர்கள். நம் பக்கத்து லோனாவ்லாவிலேயே 1924-ல் கைவல்யதாமம் என்ற யோக ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தர், யோகப் பயிற்சிகளை எக்ஸ்ரே எடுத்தும் உடலின் உள்ளழுத்தத்தை அளந்தும் சோதித்தார். நூறாண்டுகளுக்கு முன்பே அப்படிக் கேள்வி கேட்டுத்தான் தொடங்கியிருக்கிறார்கள். 2017-ல் 'அமெரிக்க மருத்துவர் கல்லூரி' என்ற மருத்துவர்கள் அமைப்பு, நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்பு முயல வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்தது. உங்களுக்குக் கழுத்தில் வலி. கை மரத்துப்போவது, விரலில் பிடிமானம் குறைவது இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சிரசாசனம் உங்களுக்கு வேண்டாம். ரத்த அழுத்தம் இருப்பதால் வேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதியும் வேண்டாம்.

மகளுக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாலும் நீங்கள் எழுதியதே அதற்காகத்தான் என்று தோன்றியது. யோகா செய்தால் கோபம் வராமல் போய்விடாது. எனக்கு இன்றும் வருகிறது. ஆனால் அது வருவது முன்பே தெரிகிறது. எனக்குத் தாடையில் தெரியும்: பின்பற்கள் ஒன்றையொன்று அழுத்தும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தினமும் பத்து நிமிடம் உடம்பைக் கவனித்துப் பழகியவளுக்கு அது கண்ணில் படுகிறது. பட்டவுடன் ஒரு மூச்சை நீளமாக விட நேரம் கிடைக்கிறது. அந்த ஒரு மூச்சுக்குள் எத்தனையோ வார்த்தைகள் வாய்க்குள்ளேயே நின்றிருக்கின்றன. உங்களுக்கு எங்கே தெரியும் என்று பாருங்கள். தாணே தாண்டிக் கூட்டம் குறைந்து உட்கார இடம் கிடைக்கும்போது தோளையும் தாடையையும் கவனியுங்கள். காலையில் நெரிசலில் நின்றுகொண்டு கண்ணை மூடி எதுவும் செய்ய வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போகாதீர்கள். குக்கர் பத்து நிமிடம் காத்திருக்கும். தரையில் படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலிமேல் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்கடியில் மடித்த துண்டு. மூன்று எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. மூச்சு முட்டினால் ஆறை ஐந்தாக்குங்கள். வாரம் போனபின், உள்மூச்சோடு கைகளைத் தலைக்குமேல் கொண்டுபோய் வெளிமூச்சோடு இறக்குங்கள். கழுத்துக்கு அது போதும். இரண்டு மாதம் இதைச் செய்தபின் நிதானமான ஒரு ஆசிரியரைத் தேடலாம். ஆனால் தூக்கமின்மையோடு மனச்சோர்வும் இருந்தால் யோகாவை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

நாளைக்கு அந்த நாற்காலியை உங்கள் மகளைக் கொண்டுவந்து போடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காரவைத்து, கடிகாரத்தைக் கொடுத்து, ஒரு நிமிடத்துக்கு உங்கள் மூச்சை எண்ணச் சொல்லுங்கள். என்ன எண்ணிக்கை சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.