வெளிச்சுவர் டைல்ஸ் விழுகிறதே, என்ன செய்ய?

கேள்வி: கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வெளிச்சுவர் டைல்ஸ் ஒவ்வொன்றாக விழுகிறது. எடுத்துவிட்டு ஏ.சி.பி. ஷீட் (அலுமினியக் கூட்டுத் தகடு) அடிக்கலாமா, கல் ஒட்டலாமா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: முதலில் டைல்ஸுக்கடியில் யாரும் நடக்காதபடி கயிறு கட்டுங்கள். அப்புறம் சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிப் பாருங்கள். 'தொப்'பென்று உள்ளே காலியாகக் கேட்கும் இடத்தில் பூச்சும் சுவரை விட்டுவிட்டது என்று அர்த்தம், அங்கே செங்கல் தெரியும்வரை கொத்தியே ஆக வேண்டும். சன்ஷேடு ஓரம் பழுப்பாகத் துருக்கறை தெரிந்தால் விடாதீர்கள், உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தின்கிறது. துருவைச் சுரண்டித் துருத்தடுப்பு பூசிய பிறகே சிமென்ட்.

ஏ.சி.பி. வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். மலிவு ரகத்தில் இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே இருப்பது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், தீ மளமளவென்று ஏறும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 72 பேர் இறந்தது அப்படித்தான். கல் கனம், மாடி உயரத்தில் வெறும் பசையை நம்பக் கூடாது, துருப்பிடிக்காத ஸ்டீல் கிளாம்ப் வேண்டும்.

என்னைக் கேட்டால் 1:4 (ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணல்) சிமென்ட் பூச்சு, ஏழு நாள் விடாமல் தண்ணீர், ஒரு மாதம் காயவிட்டு பிரைமர் (பெயின்டுக்கு அடிப்பூச்சு), அதன்மேல் எக்ஸ்டீரியர் எமல்ஷன் (வெளிச்சுவர் பெயின்ட்) இரண்டு கோட்டிங், சரிதானே? ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.