வீதி நாடகமும் மாலைப் பேருந்தும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஏழு நாட்கள் ஒரு கிராமத்தில் தங்கி, குழந்தைத் திருமணத்திற்கு எதிராக வீதி நாடகம் நடத்தினோம். நாடகம் முடிந்ததும் ஒரு பாட்டி, "எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு பஸ் விடச் சொல்லுங்க, நாங்களே பிள்ளையக் காலேசுக்கு அனுப்புறோம்" என்றார். எங்களிடம் பதில் இல்லை. பிறகு செய்தித்தாளில் வந்த படத்தில் யார் இருந்தார், யார் விடுபட்டார் என்று மனத்தாங்கல் ஏற்பட்டு, பத்துப் பேர் கொண்ட குழு நான்கு பேராகச் சுருங்கிவிட்டது. இதில் நான் வளர்ந்தேனா, காலத்தை வீணாக்கினேனா?
ஒரு மாணவி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: நாடகத்துக்குக் கிடைத்த கைத்தட்டலைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், உங்களைத் தலைகுனிய வைத்த பாட்டியின் சொல்லை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். முகாமுக்குப் போகும் முன் இருந்த நீங்கள் அப்படி எழுதியிருப்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

விழிப்புணர்வு நாடகங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். கடைசிக் காட்சியில் குடிகாரத் தந்தை திருந்திவிடுவார், தாசில்தார் வந்து வாழ்த்துவார். பார்ப்பவர்களுக்கு விவரம் தெரியாது என்ற எண்ணத்தில்தான் அவற்றில் பெரும்பாலானவை எழுதப்படுகின்றன. பெண்ணுக்கு 18 வயது, ஆணுக்கு 21 வயது நிறைய வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஊருக்குத் தெரியாததல்ல. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதும், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும்கூடத் தெரிந்திருக்கும். வகுப்பு முடிந்து வரும் பெண்ணை வீடு சேர்க்கப் பேருந்தே இல்லையென்றால், கட்டணமில்லாப் பயணம் எதற்கு ஆகும்? இதனால் குழந்தைத் திருமணம் நியாயமாகிவிடாது; அப்படியொன்று நடக்கவிருப்பது தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தே தீர வேண்டும். ஆனால், மேல்படிப்பு நின்று வீட்டில் இருக்கும் பெண்ணுக்குத்தான் முதலில் வரன் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்பதை அந்தப் பாட்டி உங்களைவிட நன்றாக அறிந்திருக்கிறார்.

உங்கள் மாவட்டத்திற்கே இதில் ஒரு முன்கதை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவு புகட்டும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுக்கச் செய்தார். 1992 மகளிர் நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் நகருக்குள் அணிவகுத்து வந்தார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் இன்னொருவர் துணைக்காகக் காத்திருந்த நிலை பலருக்கு அதனால் மாறியது. அன்று சைக்கிள் செய்ததை இன்று உங்கள் கிராமத்தில் ஒரு மாலைப் பேருந்து செய்யக்கூடும்.

எனவே மனு எழுதுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் எழுதாதீர்கள். முதலில் ஒரு வாரம் நிறுத்தத்தில் நின்று, மாலையில் எத்தனை பேர் எங்கிருந்து எப்படித் திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பெண்களை மட்டும் எண்ணாமல், கட்டட வேலைக்கும் துணிக்கடைக்கும் போய் வருபவர்களையும் எண்ணுங்கள். அடுத்ததாக, அந்தத் தடத்தில் நாளொன்றுக்கு எத்தனை நடை இயக்க வேண்டும், எத்தனை இயக்கப்படுகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அரசுப் போக்குவரத்துக் கழகத்தைக் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். காகிதத்தில் இருந்து சாலையில் இல்லாத நடையானால் அதை மீட்கச் சொல்லலாம். இல்லவே இல்லாததானால் புதிதாகக் கேட்க வேண்டும். இந்த இரண்டில் எதைக் கேட்கிறோம் என்றே தெரியாமல் எழுதப்படும் மனுக்கள் ஏராளம்.

அந்த மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை பெறலாம். அதற்கு முன் கிராம சபையில் தீர்மானம் நிறைவேறினால் மனுவுக்குக் கனம் கூடும். ஆனால் அந்த ஊராட்சியின் வாக்காளர்களே கிராம சபையின் உறுப்பினர்கள் என்பதால், வெளியூர்க்காரர்களான நீங்கள் அங்கே தீர்மானம் கொண்டுவர முடியாது. 18 வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்த அவ்வூர்ப் பெண்களால் முடியும். அவர்களுடன் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் பின்வரிசைக்குப் போய்விட வேண்டும். மேடை ஏறிப் பழகிய மாணவர்களுக்கு இது சற்றுக் கடினம்தான்.

குழு உடைந்ததற்குப் படத்தைக் காரணமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடகத்தில் நடித்தவர்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தார்கள். ஒத்திகைக்கு ஆள் சேர்த்தவரும், சமையலுக்கு விறகு தேடியவரும், கணக்கு எழுதியவரும் தெரியவில்லை. படம் அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவே. விலகிய ஆறு பேரையும் சமாதானப்படுத்தப் பொதுக்கூட்டம் போட வேண்டாம். எண்ணுவதில் பொறுமை உள்ளவர், தெளிவாக எழுதுபவர் என்று இருவரைத் தேடிப்போய், "இந்த வேலை உன்னால்தான் ஆகும், வா" என்று அழையுங்கள். யார் எதை எந்த நாளுக்குள் செய்ய ஒப்புக்கொண்டார் என்பதை ஒரே நோட்டில் எழுதி, அவரவர் கையெழுத்தை வாங்குங்கள்.

கேள்வி: என் மகள் இப்படித்தான் சேவை, கூட்டம் என்று அலைகிறாள். வேலைக்குப் போகும்போது மதிப்பெண்ணைப் பார்ப்பார்களா, முகாம் சான்றிதழைப் பார்ப்பார்களா?
ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். அரியர் ஏதேனும் இருந்தால் அதை முடிக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நாட்டு நலப்பணித் திட்டம் கேட்பது ஆண்டுக்கு 120 மணி நேரம், அதாவது வாரத்துக்கு இரண்டு மணிக்குச் சற்றுக் கூடுதல். படிப்பைக் கெடுக்கும் அளவு அல்ல. சான்றிதழை நானும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டால், உங்கள் மகளுக்குச் சொல்ல உண்மையான ஒரு சம்பவம் இருக்கும். அலைகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்காக என்று எழுதவில்லை. இன்றிரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்.