அகஸ்டஸ் எழுதாமல் விட்ட சட்டம்

அன்புள்ள ஐயா,

ரோமப் பேரரசர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். உள்நாட்டுப் போர்களை முடித்து அகஸ்டஸ் ஒரு நல்ல ஆட்சியை அமைத்தார், கலிகுலாவும் நீரோவும் வந்து அதைக் கெடுத்தார்கள் என்றுதான் நான் புரிந்துவைத்திருக்கிறேன். பிறகு நெர்வா தொடங்கி ஐந்து நல்ல பேரரசர்கள். பெற்ற பிள்ளைக்குத் தராமல், தகுதியானவரைத் தத்தெடுத்துப் பட்டம் கட்டினார்கள். மார்கஸ் அரேலியஸ் மட்டும் மகன் கொமோடஸிடம் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தனை தத்துவம் படித்த மனிதர் பிள்ளைப் பாசத்தில் இப்படிச் செய்தது எனக்கு ஆறவே இல்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கொமோடஸின் ஆட்சி மோசமானது என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பழியை மார்கஸின் பிள்ளைப் பாசத்தின் மேல் போடுவது அநியாயம் என்று நினைக்கிறேன். கோளாறு அவருக்கு இருநூறு வருடம் முன்பே, நீங்கள் நல்ல ஆட்சி என்று சொல்லும் அகஸ்டஸின் ஏற்பாட்டிலேயே இருந்தது.

கி.மு. 23-ல் நடந்ததைச் சொல்கிறேன். அகஸ்டஸ் படுத்த படுக்கையாகிவிட்டார், பிழைக்கமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். முக்கியமான செனட் உறுப்பினர்களையும் அதிகாரிகளையும் அருகே அழைத்தார். வாரிசு யார் என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தவர்களிடம் அவர் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. படைகளின் விவரமும் அரசின் வருமானமும் எழுதிய கணக்கை, அந்த வருடம் தன்னோடு கான்சல் என்ற தலைமைப் பதவியில் இருந்த பிசோவிடம் கொடுத்தார். தன் முத்திரை மோதிரத்தைத் தளபதி அக்ரிப்பாவிடம் கொடுத்தார். எல்லோரும் வாரிசு என்று நினைத்திருந்த மார்செல்லஸ், அக்காள் மகனும் மாப்பிள்ளையுமானவர், அவருக்கு ஒன்றுமில்லை.

பெயர் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. சொல்லியிருந்தால், தான் வைத்திருப்பது மகனுக்கோ மருமகனுக்கோ போகிற சொத்து, அதாவது முடியாட்சி, என்று அவரே ஒப்புக்கொண்டதாகியிருக்கும். அரசர்களைத் துரத்தியதைத் தங்கள் வரலாற்றின் தொடக்கமாகவே சொல்லிக்கொண்டவர்கள் ரோமர்கள். கி.மு. 44 பிப்ரவரியில், திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஆண்டனி அரச அடையாளமான ஒரு முடிப்பட்டையை ஜூலியஸ் சீசரிடம் நீட்டினார். சீசர் வேண்டாம் என்று தள்ளினார். தள்ளியும் பயனில்லை, அடுத்த மாதமே குத்திக் கொன்றார்கள். அப்போது பதினெட்டு வயதுப் பையனாக இருந்த அகஸ்டஸ் அதை ஆயுசுக்கும் மறக்கவில்லை.

அதனால்தான் கி.மு. 27-ல் எல்லா அதிகாரத்தையும் செனட்டிடம் திருப்பித் தருவதாக அறிவித்தார். செனட் அவரைக் கெஞ்சி, படைகள் அதிகம் இருந்த மாகாணங்களை அவரிடமே ஒப்படைத்தது. பிறகு மக்களின் பிரதிநிதியான டிரிபியூனுக்கு உள்ள அதிகாரமும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, முறைப்படி, அவர் பெயருக்கு வழங்கப்பட்டவை. கூட்டிப் பார்த்தால் அரசர்தான். ஆனால் அப்படி ஒரு பதவி எந்தச் சட்டத்திலும் கிடையாது. இல்லாத பதவிக்கு வாரிசுச் சட்டம் எழுத முடியுமா?

உங்கள் கொங்குப் பகுதியிலேயே இதற்குச் சாட்சி மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறது. அங்கே கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவையே மிகுதி. மிளகுக்கும் துணிக்கும் மணிக்கற்களுக்கும் வந்த காசு. டைபீரியஸ் காசு ஒன்றைப் பாருங்கள். ஒரு பக்கம் அவருடைய தலை, சுற்றிலும் ‘தெய்வமான அகஸ்டஸின் மகன்’ என்ற பொருளில் எழுத்து. மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், ‘தலைமைப் பூசகர்’ என்ற பட்டம். இருபத்திரண்டு வருடத்துக்கு மேல் ஆண்டவர், தன் தகுதியாகக் காட்டியது இன்னார் மகன் என்பதையும் ஒரு கோயில் பதவியையும்தான். அந்த மகன் உறவும் தத்து உறவு. அகஸ்டஸின் சொந்தப் பேரன் ஒருவன், அக்ரிப்பா போஸ்டுமஸ், அப்போது உயிரோடு இருந்தான். கி.பி. 14-ல் தாத்தா இறந்த செய்தியோடு அவன் கதையையும் முடித்துவிட்டார்கள். ரோமின் முதல் பட்டமாற்றமே இப்படித்தான் தொடங்கியது.

சட்டம் இல்லாத இடத்தில் அடுத்து யார் என்பதை முடிவு செய்வது படைதான். கி.பி. 41 ஜனவரியில் கலிகுலாவை அவருடைய காவல் அதிகாரிகளே வெட்டிக் கொன்றார்கள். செனட் கூடிப் பழைய குடியரசை மீட்கலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்தது. அதே சமயம் அரண்மனையில், திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவரின் கால்களைப் பார்த்த ஒரு சிப்பாய் திரையை விலக்கினான். உள்ளே கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸ். கொல்லப்போகிறான் என்று பயந்து காலில் விழுந்தவரை, அவன் பேரரசர் என்று வணங்கினான். காவல்படையினர் அவரைத் தங்கள் முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைக்கு 15,000 செஸ்டர்ஸ் காசு தருவதாக அவர் சொன்னார். ஒரு காவல்படை வீரருக்கு ஐந்து வருடச் சம்பளம் அது. விவாதித்துக்கொண்டிருந்த செனட் வழிக்கு வந்தது. பிறகு கிளாடியஸ் அடித்த காசுகளில் அந்த முகாமின் மதிலையே பொறித்து, ‘பேரரசர் ஏற்கப்பட்டார்’ என்று எழுதச் செய்தார். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

நீரோ தற்கொலை செய்துகொண்டதும், கி.பி. 69 என்ற ஒரே வருடத்தில் நான்கு பேர் அரியணையில் இருந்தார்கள். கடைசியாக நிலைத்தவர் வெஸ்பாசியன். அவருக்கு அதிகாரம் வழங்கிய சட்டம் பொறித்த வெண்கலப் பலகை ரோமின் கேபிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடன்படிக்கை செய்யலாம், செனட்டைக் கூட்டலாம் என்று வரிசையாகச் சொல்லி, அகஸ்டஸுக்கும் டைபீரியஸுக்கும் கிளாடியஸுக்கும் இருந்தது போலவே என்று முன்மாதிரி காட்டுகிறது. கலிகுலா, நீரோ பெயர்களே இல்லை. அவ்வளவு கவனமாக எழுதியவர்கள், நமக்குக் கிடைத்திருக்கும் பகுதியில், அடுத்தவர் எப்படி வருவார் என்று ஒரு வரி எழுதவில்லை.

சரி, உங்கள் ஐந்து நல்லவர்கள். நெர்வா டிராஜனைத் தத்தெடுத்தது தகுதியைப் பார்த்து மட்டுமல்ல. கி.பி. 97-ல் காவல்படை அரண்மனையை முற்றுகையிட்டு, முந்தைய பேரரசர் டொமிஷியனைக் கொன்றவர்களைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொன்னது. நெர்வா எவ்வளவோ மறுத்தும் நடக்கவில்லை, அவர்களைக் கொன்றுவிட்டார்கள். பிள்ளையில்லாத, வயதான, அவமானப்பட்ட மனிதர். அதற்குப் பிறகுதான் ஜெர்மானிய எல்லையில் பெரும்படையோடு இருந்த டிராஜனின் பெயரை அறிவித்தார். டிராஜனுக்குப் பிள்ளை இல்லை. ஹேட்ரியனுக்கும் இல்லை. அன்டோனினஸ் பயஸின் மகன்கள் முன்பே இறந்துவிட்டார்கள். மகன் இருந்தும் ஒதுக்கிவிட்டு வேறொருவருக்குக் கொடுத்தவர் அந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை. அதனால் மார்கஸ் மீறிய மரபு என்று ஒன்று கிடையாது.

மார்கஸுக்குப் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன, பெரும்பாலானவை சின்ன வயதிலேயே போய்விட்டன. மகன்களில் மிஞ்சியது கொமோடஸ் மட்டும். அவனை ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பழைய கதைகளே சொல்கின்றன. போஸ்டுமஸைச் சொன்னேன். டைபீரியஸின் பேரன் கெமெல்லஸைக் கலிகுலா சாகடித்தார். கிளாடியஸின் மகன் பிரிட்டானிக்கஸ், நீரோ பட்டத்துக்கு வந்த சில மாதங்களில், விருந்துப் பந்தியிலேயே சுருண்டு விழுந்து செத்தான். பட்டம் கிடைக்காத அரசகுமாரனைப் புதிய பேரரசர் உயிரோடு விட்டாலும், அவனை வைத்து ஏதாவது ஒரு படை கலகம் செய்யும். எல்லையில் போர் நடத்திக்கொண்டிருந்த ஒரு தகப்பன், தன் ஒரே மகனின் சாவையும் நாட்டுக்கு உள்நாட்டுப் போரையும் சேர்த்து எழுதிவைத்திருக்க வேண்டும் என்று நாம் கேட்க முடியுமா? என்னால் கேட்க முடியவில்லை.

கொமோடஸ் 192-ன் கடைசி நாளில் கொல்லப்பட்டார். அடுத்து வந்த பெர்ட்டினாக்ஸ் சிக்கனமானவர், படையின் ஒழுக்கத்தைத் திருத்தப் பார்த்தார். 87 நாளில் காவல்படை அவரைக் கொன்றது. அப்புறம் நடந்ததைப் படிக்கும்போது இப்போதும் எனக்கு மனம் கொதிக்கிறது. முகாமுக்கு உள்ளே பெர்ட்டினாக்ஸின் மாமனார் சுல்பிசியானஸ், மதிலுக்கு வெளியே டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்கார செனட் உறுப்பினர். வீரர்கள் இருவருக்கும் நடுவே போய்வந்து, அவர் இவ்வளவு தருகிறார், நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். மாமனார் தலைக்கு 20,000 வரை வந்தார். ஜூலியானஸ் ஒரேயடியாக ஐயாயிரத்தை ஏற்றி 25,000 என்று கத்தி, விரலாலும் காட்டினார். பேரரசு அவருக்குப் போயிற்று. 66 நாள் ஆண்டார்.

கலிகுலா, நீரோ பைத்தியமா என்ற கேள்விக்குள் நான் அதிகம் போகவில்லை. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அவர்களால் பாதிக்கப்பட்ட மேல்தட்டைச் சேர்ந்தவர்கள். நீரோ இறந்த பிறகு அவர் சமாதியில் பல வருடம் பூ வைத்தவர்களும் இருந்தார்கள்.

வாரிசு முறைக்கு முதன்முதலாக ஒரு திட்டத்தை வெளிப்படையாகப் போட்டுப் பார்த்தவர் டயோக்ளீஷியன். இரண்டு மூத்த பேரரசர்கள், இரண்டு இளையவர்கள், மூத்தவர்கள் விலகினால் இளையவர்கள் மேலே வருவார்கள். 305 மே 1-ல் அவரே பதவியிலிருந்து இறங்கினார். சொந்த விருப்பத்தில் அப்படி இறங்கிய பேரரசர் அவருக்கு முன் இல்லை. மறுவருடமே பிரிட்டனில் ஒரு படை, இறந்த தன் பேரரசரின் மகன் கான்ஸ்டன்டைனைத் தூக்கி நிறுத்தியது. திட்டம் உடைந்தது. டயோக்ளீஷியனின் மகள் வலேரியா ஒரு பேரரசரின் விதவை. இன்னொரு பேரரசர் அவளை மணக்கக் கேட்டு, மறுத்ததற்காக நாடுகடத்தினார். மகளை அனுப்பிவைக்கும்படி தகப்பன் திரும்பத் திரும்ப ஆளனுப்பிக் கேட்டும் கிடைக்கவில்லை. அவர் இறந்த பிறகு, அப்போது ஆண்ட பேரரசர் லிசினியஸின் ஆட்கள் வலேரியாவையும் அவள் தாயையும் தெசலோனிகாவில் பிடித்துத் தலையை வெட்டினார்கள்.

அன்புடன்.