ஆட்டுப் பட்டி வரை அம்மா நடக்க வேண்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. காங்கேயம் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கிறார். வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 7 வாரங்கள் ஆகின்றன. கால் 60 பாகைக்கு மேல் மடங்கவில்லை. வலிக்குப் பயந்து பயிற்சி என்றாலே அழுகிறார். "புது மூட்டு, ஆட்டினால் கழன்றுவிடும், படுத்தே இருக்கட்டும்" என்கிறார் எங்கள் அம்மாயி. அம்மாவுக்கு இரவில் தூக்கம் இல்லை. செம்மறிப் பட்டிப் பக்கம் போவதில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கலாமா?
- ஒரு மகள், திருப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. இந்த வாரமே அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சமதரையில் இயல்பாக நடக்கவே ஏறத்தாழ 65 பாகை மடங்க வேண்டும். நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழ 90க்கு மேல். பயிற்சியால் மட்டும் மடங்காவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களுக்குள் செய்தால்தான் அதற்கு நல்ல பலன். நாள் தள்ளத் தள்ள உள்ளே தழும்பு இறுகிவிடும்.

அம்மாயியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: மூட்டைப் பெரும்பாலும் எலும்புச் சிமெண்ட் வைத்துப் பொருத்துகிறார்கள். அது அறுவை அரங்கிலேயே சில நிமிடங்களில் இறுகிவிடும். அதனால்தான் அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நிற்க வைக்கிறோம். மடக்கி நீட்டுவதால் அது கழன்றுவிடாது.

அம்மாவின் வலி பொய்யில்லை. ஆனால் இப்போதைய வலியெல்லாம் உள்ளே ஏதோ கெடுகிறது என்பதன் அடையாளமும் இல்லை. தூக்கம் கெட்டால் நரம்புகள் கூர்மையாகி, நேற்றுத் தாங்கிய வலியை இன்று தாங்க முடியாது. தாங்காததால் அசைவதில்லை; அசையாததால் தொடைத் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, வலி இன்னும் கூடுகிறது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது 60 பாகை அல்ல, பேச்சு குறைந்துவிட்டது என்ற வரிதான். விடிந்தால் பட்டிப் படலைத் திறந்து ஆடுகளைக் கொறங்காட்டு மேய்ச்சலுக்கு ஓட்டியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தூக்கத்தையும் மனச்சோர்வையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவற்றுக்கும் சிகிச்சை உண்டு.

மருத்துவர் எழுதிய வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் வருமாறு கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் நீங்களாக வாங்காதீர்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரைகள் அவற்றில் உண்டு. படுத்தபடி குதிகாலை மெத்தையில் உரசியவாறே இடுப்பை நோக்கி இழுத்து மடக்கி, 5 விநாடி நிறுத்தி, நீட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 10 முறை, நாளில் மூன்று நான்கு தடவை. பிறகு துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். பயிற்சியில் வலி வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணிந்தால் சரி. மறுநாள் காலை வரை நீடித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் நீளாமல் போய்விடும். எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென மூச்சு வாங்கினால் உடனே 108ஐ அழையுங்கள்.

தினமும் திருப்பூரிலிருந்து உங்களால் வர முடியாது என்று தெரிகிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அவர் வரும்போது பாகைக் கணக்கோடு பட்டிக் கணக்கையும் சொல்லுங்கள். முதலில் வாக்கரோடு வாசல் வரை, அடுத்த வாரம் தொட்டி வரை, பிறகு பட்டி வரை. அங்கே ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், போனதும் அம்மா உட்கார வேண்டும்.