ரெட்டினா ஒட்டிவிட்டது, பார்வை ஏன் இன்னும் வரவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. இடது கண்ணில் விழித்திரை விலகி, ஒரு மாதம் முன்பு ஆபரேஷன் செய்து, அதை அழுத்திப் பிடிக்க உள்ளே கேஸ் வைத்தார்கள். "ரெட்டினா நன்றாக ஒட்டிவிட்டது" என்கிறார் டாக்டர். ஆனால் அப்பாவுக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது, கதவு நிலைகூட வளைந்து தெரிகிறதாம். கீழே ஒரு கறுப்புக் கோடு ஆடுகிறது என்கிறார். ஆபரேஷன் தோற்றுவிட்டதா?

பதில்: தோற்கவில்லை அம்மா. முதலில் அந்தக் கோட்டைச் சொல்லிவிடுகிறேன், அதைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அது கேஸ் குமிழியின் விளிம்பு. குமிழி கண்ணுக்குள் மேலேதான் மிதக்கிறது, ஆனால் விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் அப்பாவுக்குக் கீழே இருப்பதுபோலத் தெரிகிறது. தலையை அசைத்தால் டம்ளர் தண்ணீர்போல ஆடும். நாளுக்கு நாள் கீழே இறங்கி, கடைசியில் கறுப்பு மணிபோல உருண்டு ஒருநாள் காணாமல் போய்விடும். சில வகை கேஸ் இரண்டு வாரத்தில் கரையும், சிலது இரண்டு மாதம் வரை இருக்கும்.

சரி, பார்வைக்கு வருவோம். விழித்திரை விலகும்போது பின்னாலிருந்து அதற்கு ஆக்சிஜனும் ஊட்டமும் தரும் படலத்தைவிட்டுப் பிரிந்துவிடுகிறது, அந்த நாட்களில் ஒளியை உணரும் செல்கள் பட்டினி கிடக்கின்றன. நடுவில் இருக்கும் மாக்குலா விலகுவதற்கு முன்பே ஆபரேஷன் நடந்திருந்தால் பார்வை பெரும்பாலும் நன்றாகவே தங்கும். அதுவும் விலகி, நடுப்பார்வை மறைந்த பிறகு போயிருந்தால், அப்புறம் எவ்வளவு அழகாக ஒட்டவைத்தாலும் பழைய பார்வை முழுசாக வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அப்பாவிடம் கேளுங்கள்: ஆபரேஷனுக்கு முன் எதிரில் இருப்பவர் முகம் தெரிந்ததா, எத்தனை நாளாகத் தெரியவில்லை? கோடுகள் வளைவது மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும்விடும்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். குமிழி முழுசாகக் கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை விமானம் வேண்டாம், உயரமான மலைப்பயணமும் வேண்டாம். மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து கேஸ் விரியும், கண் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமே நின்று பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். வேறு எதற்காவது மயக்கமருந்து கொடுக்க வேண்டி வந்தால், பல் பிடுங்கப் போனால்கூட, கண்ணில் கேஸ் இருப்பதை முதலில் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவும் குமிழியைப் பெரிதாக்கிவிடும்.

இந்த வயதில் விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுக்கும் ஆபரேஷன்) செய்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் கண்புரை வரும், ஏற்கெனவே புரை எடுத்து உள்ளே செயற்கை லென்ஸ் வைத்திருந்தால் அந்தக் கவலை இல்லை. நான் அதிகம் பயப்படுவது தழும்புச் சவ்வுக்குத்தான். முதல் இரண்டு மூன்று மாதத்தில் அது விழித்திரைமேல் படர்ந்து, சுருங்கி, ஒட்டியதை மறுபடி இழுத்துவிடும். பத்தில் ஒருவருக்காவது இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுவது இதனாலும் புதிய கிழிசல்களாலும்தான். ஓரத்திலிருந்து திரைபோல நிழல் ஏறினால், வலியோடு கண் சிவந்து பார்வை மங்கினால், தலைவலியோடு வாந்தி வந்தால், அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். நல்ல கண்ணையும் மறக்காமல் கண் பாப்பாவை (கருவிழி நடுவில் உள்ள துளையை) விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு விழித்திரை ஆபரேஷனில் கேஸுக்குப் பதில் கண்ணுக்குள் சிலிகான் ஆயில் போட்டிருக்கிறார்கள். எடுக்காமலே விட்டால் என்ன?

பதில்: ஆயில் தானாகக் கரையாது. நாளாக ஆக அது நுண்துளிகளாக உடைந்து கண் அழுத்தத்தை ஏற்றும், கருவிழியையும் கெடுக்கும். அதனால்தான் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கிறோம். எடுத்த பிறகு விழித்திரை மறுபடி விலகும் ஆபத்தும் உண்டு, அதனால் மிகவும் நலிந்த சில கண்களில் வேண்டுமென்றே விட்டுவைப்போம். உங்கள் கண் எந்த வகை என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். ஆயில் இருக்கும்வரை பவர் மாறித்தான் இருக்கும், அவசரப்பட்டு விலை உயர்ந்த கண்ணாடி போடாதீர்கள். கண்ணில் ஆயில் மட்டும் இருந்தால் விமானத்தில் போகலாம், அது விரியாது.